கோவலனின் தற்காப்பும் கற்ற நடத்தையும்: உளவியல் நோக்கில் ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

மனம் தனக்கு நேரும் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளக் கையாளும் வழிகளை உளப்பகுப்பாய்வு தற்காப்பு இயங்குமுறைகள் எனப் பெயரிட்டது. நடத்தை எவ்வாறு கற்கப்படுகிறது, எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை விளக்கக் கற்றல் கோட்பாடுகள் எழுந்தன. தமிழ் இலக்கிய ஆய்வுகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியே பயன்படுத்தப்படுகின்றன. தற்காப்பும் ஒருவகையில் கற்ற நடத்தையே என்னும் டொலார்டு, மில்லர் ஆகியோரின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு இவ்விரு மரபுகளையும் இணைத்து நோக்குகிறது இக்கட்டுரை. அவ்விணைப்பிலிருந்து நான்கு வினாக்களை வகுத்து, சிலப்பதிகாரக் கோவலனின் நடத்தையை அவற்றால் ஆராய்கிறது. மாதவியின் முதல் முடங்கலை மறுத்த கோவலன் இரண்டாம் ஓலையை ஏற்றது ஏன் என்பது கட்டுரையின் மைய வினாவாகும்.

திறவுச்சொற்கள்: தற்காப்பு இயங்குமுறை, புறத்தேற்றம், காரணம் கற்பித்தல், ஆக்கநிலையுறுத்தம், எதிர்மறை வலுவூட்டல், தவிர்ப்புக் கற்றல், சிலப்பதிகாரம், கோவலன்.

1. முன்னுரை

இலக்கிய மாந்தரின் சொல்லையும் செயலையும் உளவியல் கலைச்சொற்களால் விளக்கும் போக்கு தமிழாய்வில் நன்கு வேரூன்றியுள்ளது. பழி சுமத்தும் மாந்தரிடம் புறத்தேற்றத்தையும், காரணம் கூறும் மாந்தரிடம் காரணம் கற்பித்தலையும், துறவு பூணும் மாந்தரிடம் உயர்வழிப்படுத்தலையும் காண்பது இத்தகைய ஆய்வுகளின் இயல்பு. இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பெயரிட்டவுடன் விளக்கம் நிறைவுற்றதுபோல் தோன்றிவிடுகிறது. அந்நடத்தை எந்த அச்சத்திலிருந்து எழுந்தது, எதனால் நிலைபெற்றது, எப்போது மறைந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இதனால் உள்ளறிந்து சொல்லும் பொய்யும், அறியாமையால் நேரும் பிழையும், தற்காப்பும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

இக்குறையைக் களையக் கற்றல் கோட்பாடுகள் துணைபுரியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தற்காப்பு என்பது மனத்தின் ஆழத்தில் முன்னரே அமைந்த பொறி அன்று. பதற்றத்தைத் தணித்ததால் வலுப்பெற்று, மீண்டும் மீண்டும் நிகழும் நடத்தை எனக் கொண்டால், அதன் தோற்றத்தையும் நிலைபேற்றையும் மறைவையும் பனுவலுக்குள்ளேயே காட்ட இயலும். புகார்க் காண்டத்தின் கானல் வரி, வேனில் காதை, கனாத்திறம் உரைத்த காதை ஆகியனவும், மதுரைக் காண்டத்தின் புறஞ்சேரி இறுத்த காதை, ஊர்காண் காதை, அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை, வழக்குரை காதை ஆகியனவும் ஆய்வெல்லையாக அமைகின்றன.

2. தற்காப்பு இயங்குமுறை: கருத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

சிக்மண்ட் ஃபிராய்டு 1894-இல் எழுதிய கட்டுரையொன்றில் தற்காப்பு என்னும் சொல்லை உளநோய் விளக்கத்திற்குப் பயன்படுத்தினார். ஏற்கவியலாத எண்ணம் ஒன்றை மனம் நனவிலிருந்து விலக்குகிறது என்பதே அன்று அவர் சுட்டிய கருத்து. பின்னர் நெடுங்காலம் ஒடுக்குதல் என்னும் சொல்லையே பெரிதும் ஆண்டார். 1926-இல் பதற்றம் குறித்து எழுதிய நூலில் தற்காப்பு என்பதைப் பொதுப்பெயராகவும், ஒடுக்குதலை அதன் ஒரு வகையாகவும் அமைத்தார். பதற்றம் என்பது வரவிருக்கும் இடரை முன்னறிவிக்கும் குறிப்பு என்றும், அக்குறிப்பைப் பெற்ற தன்முனைப்பு தற்காப்பில் ஈடுபடுகிறது என்றும் அந்நூல் விளக்கியது. கற்றல் கோட்பாட்டாளர் பின்னர் இக்கருத்தைத் தம்வயமாக்கிக்கொள்ள வழிவகுத்தது இம்மாற்றமே.

அவருடைய மகள் அன்னா ஃபிராய்டு 1936-இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை முறைப்படுத்தியது. பின்னோக்கம், ஒடுக்குதல், எதிர்வினை உருவாக்கம், புறத்தேற்றம், உட்கொள்ளல், உயர்வழிப்படுத்தல் முதலியன அவரது பட்டியலில் இடம்பெற்றன. அமெரிக்க உளமருத்துவர் ஜார்ஜ் வைலண்ட், 1938-இல் ஹார்வர்டில் தொடங்கப்பட்ட நெடுங்கால வாழ்க்கை ஆய்வின் தரவுகளைக் கொண்டு 1977-இல் எழுதிய நூலில், தற்காப்புகளை முதிர்ச்சியின் அடிப்படையில் நான்கு படிநிலைகளாகப் பகுத்தார். தற்காப்பு அனைத்தும் நோயல்ல. சில தற்காப்புகள் வாழ்க்கைக்கு உறுதுணை என்பது அவரது பகுப்பின் உட்கிடை.

இக்கட்டுரைக்கு இன்றியமையாத மூன்று கருத்துகள் வருமாறு: தன்னிடம் உள்ள ஏற்கவியலாத பண்பையோ விழைவையோ பிறரிடம் உள்ளதாகக் காண்பது புறத்தேற்றம். செயலின் மெய்க்காரணத்தை மறைத்து, தனக்கும் பிறர்க்கும் ஏற்புடைய வேறொரு காரணத்தைக் காட்டுவது காரணம் கற்பித்தல். வேதனை தரும் எண்ணம் நனவுக்கு வாராதவாறு தடுக்கப்படுவது ஒடுக்குதல். ஒடுக்குதலை அடக்குதலிலிருந்து வேறுபடுத்த வேண்டும். அடக்குதல் நனவறிந்து செய்வது. துயரை உள்ளவர் அதனை அறிந்தே மறைக்கிறார்.

3. கற்ற நடத்தை: அடிப்படைக் கோட்பாடுகள்

செரிமான உடலியல் ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் வரும் குறிப்புகளுக்கே நாய்கள் உமிழ்நீர் சுரப்பதைக் கண்டு, ஆக்கநிலையுறுத்தக் கோட்பாட்டை வகுத்தார். இயல்பாகத் துலங்கலை எழுப்பும் தூண்டலோடு வேறொரு தூண்டல் பன்முறை இணைந்து வரின், பின்னது தனித்தும் அத்துலங்கலை எழுப்பும். ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் 1920-இல் வெளியிட்ட ஆய்வு அச்சமும் இவ்வாறு கற்கப்படக்கூடும் எனக் காட்டியது. வெள்ளெலியைக் கண்டு அஞ்சாத ஒரு குழந்தை, எலியைத் தொடும்போதெல்லாம் இரும்புத் தண்டில் சுத்தியலால் அறையும் பேரோசை எழுப்பப்பட்டதால், எலிக்கு மட்டுமன்றி முயலுக்கும் நாய்க்கும் மென்மயிர் மேலங்கிக்கும் அஞ்சத் தொடங்கியது. இன்றைய ஆய்வறம் ஏற்காத சோதனை இது. எனினும் தூண்டல் பொதுமைப்படுத்தல் என்னும் கருத்துக்கு அடிப்படைச் சான்றாகக் காட்டப்படுகிறது.

எட்வர்டு தார்ண்டைக் 1898-இல் புதிர்ப்பெட்டிகளில் பூனைகளை அடைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து முயன்று தவறிக் கற்றல் என்னும் கருத்தும் விளைவு விதியும் உருவாயின. நிறைவு தரும் விளைவைப் பெற்ற செயல் மீண்டும் நிகழும் என்பது அவ்விதி. இதனை வளர்த்தெடுத்த ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் செயல்படு ஆக்கநிலையுறுத்தத்தை விரிவாக நிறுவினார். அவர் மரபில் வழங்கும் எதிர்மறை வலுவூட்டல் என்னும் கலைச்சொல் தண்டனையோடு அடிக்கடி மயங்கப்படுகிறது. தண்டனை நடத்தையைக் குறைக்கும். எதிர்மறை வலுவூட்டலோ துன்பந்தரும் தூண்டலை அகற்றுவதன்வழி நடத்தையை மிகுவிக்கும். தலைவலி நீங்கியதால் மாத்திரையை மீண்டும் நாடுவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

ஆல்பர்ட் பண்டுரா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு நிகழ்த்தி 1961-இல் வெளியிட்ட ஆய்வு, நேரடி வலுவூட்டல் இன்றியும் பிறர் செயலைக் கண்டு நடத்தை கற்கப்படும் என்பதை உணர்த்தியது. பொம்மையைத் தாக்கும் மூத்தோரைக் கண்ட குழந்தைகள் அத்தாக்குதலைப் போலச் செய்தன. எனவே கற்றலின் களம் ஒருவரின் நேரடிப் பட்டறிவோடு முடிவதன்று. சமூகம் முழுவதும் அக்களத்தில் அடங்கும்.

4. இரு மரபுகளின் சந்திப்பு

நனவிலியை நம்பிய உளப்பகுப்பாய்வும் புறத்தே காணத்தக்க நடத்தையை மட்டும் ஏற்ற நடத்தையியலும் ஒன்றையொன்று மறுத்தே வளர்ந்தன. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஹோபர்ட் மவுரர் 1940-இல் வெளியிட்ட ஆய்வு பின்னோக்கத்திற்கு ஒரு சோதனைக்கூட ஒப்புமையை அளித்தது. மின்னதிர்வைத் தணிக்கப் பின்னங்கால்களில் எழுந்து அமரக் கற்ற எலிகள் பின்னர் மிதிகட்டையை அழுத்தி அதனை நிறுத்தக் கற்றன. மிதிகட்டையே அதிர்வு தரத் தொடங்கியதும், அவை பழைய வழக்கத்திற்கே திரும்பின. நீல் மில்லர் 1948-இல் இலக்கு மாற்றத்தை இவ்வாறே ஆராய்ந்தார். தம்முள் தாக்கிக்கொள்ளப் பயிற்றப்பட்ட எலிகள், எதிரெலி இல்லாதபோது அருகிலிருந்த பொம்மையைத் தாக்கின.

1950-இல் ஜான் டொலார்டும் நீல் மில்லரும் இணைந்து எழுதி, ஃபிராய்டுக்கும் பாவ்லோவுக்கும் அவர்தம் மாணவர்க்கும் உரிமையாக்கிய நூல் இவ்விணைப்பின் உச்சம் எனலாம். உந்துதல், குறிப்பு, துலங்கல், வலுவூட்டல் ஆகிய நான்கும் கற்றலின் கூறுகள் என்பது அவர்தம் கொள்கை. இதன்படி ஒடுக்குதல் என்பது எண்ணாமை என்னும் துலங்கலாகும். வேதனை தரும் எண்ணம் தோன்றும்போது பதற்றம் எழுகிறது. அவ்வெண்ணத்தை விடுத்ததும் பதற்றம் தணிகிறது. அத்தணிவே எண்ணாமைக்கு வலுவூட்டுகிறது. அதாவது, தற்காப்பு எதிர்மறை வலுவூட்டலால் நிலைபெறும் நடத்தை.

தற்காப்பு எளிதில் மறையாததற்குரிய காரணத்தை மவுரர் 1947-இல் முன்வைத்த இருகாரணிக் கோட்பாடு விளக்குகிறது. அச்சம் பாவ்லோவின் முறையில் கற்கப்படுகிறது; அச்சத்தை நீக்கும் தவிர்ப்பு, விளைவு விதியின்படி நிலைபெறுகிறது. ரிச்சர்டு சாலமனும் உடன் ஆய்வாளரும் 1953-இல் வெளியிட்ட ஆய்வுகளில், குறிப்பு தோன்றியதும் தடுப்பைத் தாண்டி மின்னதிர்விலிருந்து தப்பக் கற்ற நாய்கள், அதிர்வு முற்றிலும் நிறுத்தப்பட்ட பின்னும் நூற்றுக்கணக்கான முறை தாண்டிக்கொண்டே இருந்தன. தாண்டுவதால் அங்கு இடர் இல்லை என்பதை அறியும் வாய்ப்பே அவற்றுக்குக் கிட்டவில்லை. தவிர்ப்பவர் தாம் தவிர்ப்பது பொய்யச்சம் என்பதை அறியும் வழியையும் சேர்த்தே தவிர்த்துவிடுகிறார். கோவலனைப் புரிந்துகொள்ள இவ்வுண்மை பெரிதும் பயன்படும்.

5. ஆய்வு வினாக்கள்

மேற்கண்ட கருத்துகளிலிருந்து இலக்கிய மாந்தரின் நடத்தையைத் தற்காப்பு எனக் கொள்வதற்குமுன் எழுப்ப வேண்டிய நான்கு வினாக்கள் பெறப்படுகின்றன.

அ. மாந்தரின் தன்மதிப்பைத் தாக்கும் அச்சுறுத்தல் எது? பனுவலில் அதற்குச் சான்று உண்டா?
ஆ. அதற்கு எதிராக எழுந்த துலங்கல் எது? அது நனவறிந்த சூழ்ச்சியா, அறியாமல் நிகழ்ந்ததா?
இ. அத்துலங்கலால் மாந்தர் பெற்ற தணிவு எது?
ஈ. மாறான சான்று கிட்டும்போது அத்துலங்கல் நெகிழ்கிறதா, இறுகுகிறதா?

நான்காம் வினா பிழையையும் தற்காப்பையும் பிரித்துக் காட்டுவது. பிழையான எண்ணம் சான்றுக்கு நெகிழும். தற்காப்பாய் அமைந்த எண்ணம் சான்றையே தனக்கு ஆதரவாகத் திருப்பிக்கொள்ளும்.

6. கோவலன்: தற்காப்பின் தோற்றமும் மறைவும்

6.1 கானல் வரியில் புறத்தேற்றம்

இந்திரவிழாவின் பின் கடற்கரைக்குச் சென்ற கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடுகின்றனர். கோவலன் பாடிய பாடல்களைக் கேட்ட மாதவி, அவன் உள்ளத்தில் வேறொருத்தி இருப்பதாகக் கருதி, புலவியை மறைத்து மகிழ்ந்தவள்போல் யாழை வாங்கி, தானும் வேறொரு குறிப்புடையவள்போல் பாடுகிறாள். கோவலன் அவளை வஞ்சம் நிறைந்தவளாகக் கருதி உடனே பிரிந்து செல்கிறான்.

இருவரும் செய்தது ஒரே செயல். முதலில் செய்தவன் கோவலன். தன் பாடலைக் கலை எனக் கொண்டவன் அவள் பாடலை மட்டும் உள்ளத்தின் மெய்யெனக் கொள்கிறான். இவ்வேறுபாட்டின் காரணத்தை அவன் வாழ்வில் தேட வேண்டும். உரிமை மனைவியைப் பிரிந்து வந்தவன் அவன். பற்று மாறியவன் என்னும் பழி அவனுக்கே முழுமையாகப் பொருந்தும். அப்பழியைத் தன்மீது ஏற்கவியலாத மனம் அதனை மாதவியிடம் காண்கிறது. தன்னிடம் உள்ளதைப் பிறரிடம் காணும் புறத்தேற்றத்தின் அமைப்பு இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

இத்துலங்கலுக்குக் கற்றல் பின்னணியும் உண்டு. அரங்கேற்று காதையின்படி ஏழாண்டுகள் பயிற்சி பெற்றுப் பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியவள் மாதவி. அவளது 1008 கழஞ்சு பொன் பெறுமான மாலையை வாங்கியே கோவலன் அவள் மனை புகுந்தான். விலையோடு தொடங்கிய உறவு இது. பொருளால் கிட்டிய அன்பு மாறக்கூடும் என்னும் எதிர்பார்ப்பைக் கற்பிப்பது ஆடல் மகளிர் குறித்த சமூக மதிப்பீடு. பிறரைக் கண்டும் கேட்டும் கற்கும் இம்மதிப்பீடு, பண்டுராவின் கருத்தோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. புறத்தேற்றத்திற்கு வேண்டிய பழி கோவலனிடமிருந்து வந்தது. அது சென்று பொருந்தும் இடத்தைச் சமூகம் முன்னரே அமைத்து வைத்திருந்தது.

6.2 வேனில் காதையில் காரணம் கற்பித்தல்

பிரிவுக்குப் பின் மாதவி தாழை மடலில், பித்திகை முகையை எழுத்தாணியாகக் கொண்டு, செம்பஞ்சுக் குழம்பு தோய்த்து எழுதிய முடங்கலை வசந்தமாலை கூலமறுகில் கோவலனிடம் அளிக்கிறாள். கோவலன் அதனை ஏற்க மறுக்கிறான். மாதவி தன்னிடம் முன்பு காட்டிய தோற்றங்களை எட்டு வகை வரிக்கூத்துகளாக வகுத்துரைத்து, ஆடல் மகளாதலின் அவையெல்லாம் அவளுக்கு இயல்பே எனக் கூறுகிறான்.

இங்கு நான்காம் வினா முதன்மை பெறுகிறது. முடங்கல், மாதவியின் பற்று மாறவில்லை என்பதற்குச் சான்று. அச்சான்றே அவளது நடிப்புக்குச் சான்றாக மாற்றப்படுகிறது. அவள் கண்ணீரும் நடிப்பு, புன்னகையும் நடிப்பு, வாட்டமும் நடிப்பு எனின், அவள் எதைச் செய்து தன் மெய்ம்மையை நிறுவ இயலும்? எந்தச் சான்றாலும் மறுக்கவியலாத விளக்கம் அறிவின் முடிபாக இராது. தன்மதிப்பைக் காக்க எழுந்த அரணாகவே அமையும். எட்டு வகைகளாக நிரல்படுத்திய அதன் ஒழுங்கும் செறிவும் காரணம் கற்பித்தலின் இயல்புக்கு ஒத்தன. கலைப்பயிற்சி ஒருத்தியின் தொழில். அதனை அவள் வாழ்வு முழுவதற்கும் விரித்துக்கொண்டதில் தூண்டல் பொதுமைப்படுத்தலின் சாயலும் உள்ளது.

இதனால் கோவலன் பெற்ற தணிவு வெளிப்படையானது. மாதவி மெய்யானவள் எனின், அவளையும் காரணமின்றிப் பிரிந்தவன் ஆவான்; இரு பெண்டிரிடமும் தவறிழைத்தவன் ஆவான். அவள் பொய்யானவள் எனின், அவன் ஏமாற்றப்பட்டவன் மட்டுமே.

6.3 இரவுப் பயணமும் தவிர்ப்பும்

கனாத்திறம் உரைத்த காதையில் இல்லம் திரும்பிய கோவலன், வஞ்சமுடையவளோடு கூடி முன்னோர் தேடிய பொருளை இழந்ததாகவும் அவ்வறுமை நாணம் தருவதாகவும் கண்ணகியிடம் கூறுகிறான். இதனை முழுமையான ஒப்புதலாகக் கொள்ளுதல் பொருந்தாது. பழி இன்னும் மாதவியிடமே நிற்கிறது. அவன் நாணுவது பொருளிழப்புக்கு. மனைவிக்கு இழைத்த தீங்கு அங்குப் பேசப்படவில்லை. கண்ணகியும் பொருட்குறைவையே அவன் துயராகக் கொண்டு சிலம்பைத் தருகிறாள். அன்றிரவு விடியுமுன் இருவரும் புகாரை நீங்குகின்றனர். பெற்றோரிடம் அவன் விடைபெறவில்லை.

கோவலனின் இயல்பே கோழைமை எனில் இதனை விளக்க வேறு கருத்து வேண்டியதில்லை. ஆனால் அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் முன்வரலாறு அதற்கு மாறானது. முதிய அந்தணரைப் பற்றிய மதயானையின் பிடியிலிருந்து அவரை விடுவித்து, அதன் பிடரியில் இருந்து அடக்கியவன் கோவலன். யானைமுன் நின்றவன் தந்தைமுன் நிற்க இயலாதவனாகிறான். எனவே அவன் அஞ்சியது உயிரிழப்புக்கு அன்று, நாணத்துக்கே. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை எனப் பகுத்துக் காட்டுவதும் அச்சம் ஒருபடித்தானது அன்று என்பதை உணர்த்தும். நாணந்தரும் சூழலை விட்டு நீங்கும்போதெல்லாம் கிட்டும் தணிவு, நீங்குதலையே அவனுக்கு வழக்கமாக்குகிறது. மாதவியை நீங்கியதும் வசந்தமாலையை மறுத்ததும் புகாரை நீங்கியதும் ஒரே நடத்தைத் தொடரின் மூன்று நிலைகள். பெற்றோரைக் கண்டிருந்தால் அவர்தம் அன்பு அவன் அச்சத்தைப் பொய்யாக்கியிருக்கக்கூடும். தடுப்பைத் தாண்டிய நாய்களைப்போல அவ்வாய்ப்பை அவன் தனக்கு அளித்துக்கொள்ளவில்லை.

6.4 இரண்டாம் ஓலை

புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் வழியில் கோவலனைக் கண்டு, பெற்றோரின் துயரையும் மாதவியின் நோயையும் கூறி, அவள் தந்த ஓலையை அளிக்கிறான். அதன் மண்ணிலச்சினையில் பதிந்திருந்த கூந்தலின் நெய்மணம், உடனுறைந்த காலத்தைக் கோவலனுக்கு உணர்த்துகிறது. ஓலையைப் படித்தவன் தவறு அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்ந்து தளர்ச்சி நீங்குகிறான். ஓலையின் சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்துதலின் அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கூறுகிறான்.

எழுதியவள் ஒருத்தி, பெற்றவன் ஒருவன். முதல் முடங்கல் மறுக்கப்பட, இரண்டாவது ஏற்கப்பட்டது ஏன்? கற்றல் கோட்பாடு மூன்று விடைகளைத் தருகிறது.

முதலாவது, அச்சுறுத்தல் குறைந்தமை. கூலமறுகில் முடங்கலை ஏற்றிருந்தால் அவன் மாதவியிடம் திரும்ப வேண்டும். தன் தவற்றையும் ஒப்ப வேண்டும். மதுரை செல்லும் வழியில் அந்நெருக்கடி இல்லை. ஊரும் செல்வமும் பெருமையும் முன்னரே நீங்கிவிட்டன. காத்துக்கொள்ள வேண்டிய மதிப்பு அங்கு அவனுக்கு மிகுதியில்லை. தணிக்க வேண்டிய பதற்றம் குறைந்தபோது தற்காப்பின் தேவையும் குறைகிறது.

இரண்டாவது, குறிப்புகள் மாறியமை. தாழை மடலும் செம்பஞ்சும் தோழியும் ஆடல் மனையின் குறிப்புகள். நடிப்பு என்னும் எண்ணத்தை எழுப்ப அவையே போதும். ஓலையும் அந்தணத் தூதனும் பணிந்த மொழியும் அக்குறிப்புகளைச் சுமந்து வரவில்லை. பழைய துலங்கலை எழுப்பும் தூண்டல் அங்கு இல்லை.

மூன்றாவது, நறுமணம் எழுப்பிய நினைவு. உடனுறைந்த காலத்தின் இன்பத்தோடு பன்முறை இணைந்திருந்தது அந்நெய்மணம். எனவே அது தனித்து வந்தபோதும் அக்காலத்தின் உணர்வை எழுப்பிற்று. பாவ்லோவின் சோதனைக்கூடத்திற்கும் காப்பியப் புனைவுக்கும் உள்ள இடைவெளியை மறவாமலே இவ்வொப்புமையைச் சொல்ல இயலும். கோவலன் சொற்களைப் படிக்குமுன்னரே மணத்தை உணர்கிறான் என்னும் வரிசைமுறை குறிக்கத்தக்கது. எட்டு வகை வரிகளாகக் கட்டப்பட்ட வாதத்தை மற்றொரு வாதம் தகர்க்கவில்லை. வாதத்தால் எழாத ஓர் உணர்வு முதலில் அரணை நெகிழ்த்தியது. அதன்பின்னரே சொற்கள் உட்புகுந்தன.

இம்மாற்றம் நிலைபெற்றது என்பதற்குப் பின்வரும் காதைகள் சான்று. ஊர்காண் காதையில் கவுந்தியடிகளிடம் தான் நெறி நீங்கியதைக் கூறுகிறான். கொலைக்களக் காதையில் பயனிலாரோடு கூடிக் கெட்டதையும், பெற்றோர் ஏவலில் தவறியதையும், கண்ணகிக்குச் சிறுமை செய்ததையும் தன் செயல்களாகவே நிரல்படக் கூறுகிறான். அவ்வுரையில் மாதவிமீது பழி இல்லை. கனாத்திறம் உரைத்த காதையின் கூற்றையும் இதனையும் ஒப்பிட்டால், இடையில் நிற்கும் ஓலையின் விளைவு புலனாகும்.

7. தற்காப்பு அல்லாதவை

மேற்கூறிய வினாக்கள் எவற்றைத் தற்காப்பு அன்று எனப் பிரிக்கின்றன என்பதையும் காட்ட வேண்டும். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் எனக் காட்டியது வெளித்தோற்றத்தில் புறத்தேற்றம் போன்றது. தன் குற்றம் பிறர்மீது சுமத்தப்படுகிறது. ஆனால் அவன் தான் கள்வன் என்பதை அறிவான். பழியை அறிந்தே மாற்றுகிறான். இரண்டாம் வினாவின்படி இது சூழ்ச்சியேயன்றித் தற்காப்பு அன்று.

பாண்டிய மன்னன் வழக்குரை காதையில் கள்வனைக் கொல்லுதல் முறைகேடு ஆகாது என முதலில் விடையிறுக்கிறான். இதனைக் காரணம் கற்பித்தல் எனக் கருத இடமுண்டு. ஆனால் கண்ணகியின் சிலம்பிலிருந்து முத்தன்றி மணி தெறித்ததும் அவ்விளக்கம் நொடியில் கைவிடப்படுகிறது. தன்னையே கள்வன் எனக் கூறி மன்னன் உயிர் நீக்கிறான். சான்றுக்கு நெகிழ்ந்ததால் அவனது முதல் விடை பிழை, தற்காப்பு அன்று. அரசனுக்குச் சாக்குகள் பல இருந்தன. பொற்கொல்லன்மீதும் காவலர்மீதும் பழியை ஏற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யாமையே அவன் வீழ்ச்சியை மாண்புடையதாக்குகிறது.

கண்ணகி, கோவலனின் பெற்றோர் தன்னைக் காண வந்தபோது துயரை மறைத்துப் பொய்முறுவல் பூண்டதையும், அதனைக் கண்டு அவர்கள் வருந்தியதையும் கொலைக்களக் காதையில் கூறுகிறாள். தான் மறைத்ததை அவள் அறிவாள். அதனை எடுத்துரைக்கவும் இயல்கிறது. ஆகவே இது ஒடுக்குதல் அன்று, அடக்குதல். கண்ணகியை உணர்வொடுங்கிய மாந்தராகக் கொள்ளும் வாசிப்புகள் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும். மதுரையை எரித்த சினம், நனவறியாத ஆழத்திலிருந்து திடீரென வெடித்தது எனக் கொள்வதினும், அறிந்து அடக்கிய துயர் அடக்குதற்குரிய காரணத்தை இழந்தபோது வெளிப்பட்டது எனக் கொள்வதே பனுவலுக்கு நெருக்கமானது.

8. ஊழ்வினையும் ஆய்வின் எல்லையும்

கானல் வரியின் பிரிவுக்கு இளங்கோவடிகள் சுட்டும் காரணம் ஊழ்வினை. யாழிசை அதற்குக் கருவியாகிறது. உளவியல் விளக்கம் இக்காப்பியக் கொள்கையை மறுப்பதற்கு எழுந்ததன்று. வினை ஏன் உருத்து வந்தது என்பது காப்பியத்தின் மெய்ப்பொருள் வினா. உருத்து வந்தபோது கோவலனின் உள்ளம் எவ்வழியில் இயங்கியது என்பது உளவியலின் வினா. இரண்டும் வெவ்வேறு தளத்தன.

இலக்கிய மாந்தர்க்குப் பனுவலுக்கு அப்பாற்பட்ட இளமையோ நினைவோ இல்லை என்பதும் மறத்தற்குரியதன்று. விலங்குகளைக் கொண்டு பெற்ற முடிபுகளை மாந்தர் வாழ்வுக்கும், அங்கிருந்து புனைவுக்கும் கொண்டுசெல்லும்போது ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கை தேவை. சோதனைக்கூட முடிபுகள் இக்கட்டுரையில் ஒப்புமையாக மட்டுமே ஆளப்பட்டுள்ளன; கோவலனின் மனத்திற்கு அவை மெய்ப்பிப்பாகா.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• தற்காப்பு இயங்குமுறையைப் பெயரளவில் சுட்டுவது விளக்கமாகாது. அச்சுறுத்தல், துலங்கல், தணிவு, சான்றின்முன் அதன் நிலை ஆகிய நான்கும் பனுவலிலிருந்து காட்டப்பட வேண்டும்.

• கோவலனிடம் கானல் வரியில் புறத்தேற்றமும், வேனில் காதையில் காரணம் கற்பித்தலும், புகாரை நீங்குவதில் தவிர்ப்பும் காணப்படுகின்றன. மூன்றையும் இணைப்பது நாணத்திலிருந்து பெறும் தணிவு.

• இரண்டாம் ஓலை ஏற்கப்பட்டமைக்கு அச்சுறுத்தல் குறைந்ததும், குறிப்புகள் மாறியதும், நறுமணம் பழைய உணர்வை எழுப்பியதும் காரணங்களாகின்றன.

• பொற்கொல்லனின் பழிமாற்றம் சூழ்ச்சி. பாண்டியனின் முதல் விடை பிழை. கண்ணகியின் பொய்முறுவல் அடக்குதல். இவற்றைத் தற்காப்பு இயங்குமுறைகளாகக் கொள்வது பொருந்தாது.

• கோவலன் தன் குற்றத்தைப் பிறர்மீது ஏற்றாமல் முழுமையாகக் கூறும் நிலையை அடைந்த பின்னரே கொலையுண்கிறான். இரந்து கேட்ட ஒரு முடங்கலை மறுத்தவன், தன் தவற்றைத் தானே உணர்ந்த நாள்களில் உயிரிழக்கிறான். ஏமாற்றப்பட்டவன் என்னும் எண்ணத்தோடு அவன் இறந்திருந்தால் அவன் மறைவு இரக்கத்திற்குரியதாக மட்டும் நின்றிருக்கும். திருந்தியவன் வாழ இயலாமற்போனதே அவன் முடிவின் அவலத்தை மிகுவிக்கிறது.

மாதவியின் துறவை இதே வினாக்களால் ஆராய்ந்து, அது உயர்வழிப்படுத்தலா, தெளிந்து மேற்கொண்ட தேர்வா என்பதை மணிமேகலையோடு ஒப்பிட்டு நோக்குவது மேலாய்வுக்கு உரியது.